படலத்திடம் கேட்ட கேள்வி

ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பாலிமர் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாலாடையைவிட மெல்லியது, உள்ளே முழுக்கப் பொடிப் படிகங்கள். அதற்கு முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒளியை அளக்கும் கருவி.

விளக்கு ஒளியை அனுப்பியது. படலம் கொஞ்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, மீதியைச் சற்றே வளைத்து அனுப்பியது.

"நூறு அனுப்பினால் எழுபதுதான் வருகிறது. மீதி எங்கே?" என்றது கருவி.

"என்னிடம்தான் இருக்கிறது. என் இயல்பு அது" என்றது படலம்.

கருவி நம்பவில்லை. படலத்தைத் திரும்பி நிற்கச் சொல்லி அளந்தது. அறுபது வந்தது.

"பார்த்தாயா, பேச்சை மாற்றுகிறாய்!"

"படிகம் அப்படித்தான். திரும்பி நின்றால் அளவும் மாறும்."

"எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்."

அந்த இன்னொரு தடவை முடியவே இல்லை. அளக்க அளக்கப் படலம் சூடானது, மஞ்சளானது, ஓரமெல்லாம் சுருண்டது. தானாக அணைந்துகொள்ள முடியாத விளக்கு, "போதும், அவள் தாங்கமாட்டாள்" என்று கெஞ்சியது.

கருவியோ படலத்திடம், "உன்மேல் பிரியம் இல்லாவிட்டால் இத்தனை தடவை கேட்பேனா?" என்றது.

ஒருநாள் நூறும் முழுசாக வந்து சேர்ந்தது. கருவி பூரித்துப்போனது.

"கடைசியில் எதையும் மறைக்காமல் கொடுத்துவிட்டாள், பார்த்தாயா!"

விளக்கு, வெறும் கண்ணாடிக்குத் தன் பக்கமாக உதிர்ந்து கிடந்த மஞ்சள் தூளையே பார்த்துக்கொண்டிருந்தது.