கெஞ்ச ஓர் ஆள்

“கோடரியை நான் பிடிக்கிறன். நீங்கள் கெஞ்சுங்கோ,” என்றாள் யோகராணி.

கனகசிங்கம் அப்போதுதான் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்திருந்தார். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

“ஆரிட்டைக் கெஞ்சிறது?”

“என்னட்டைத்தான். மரத்தை வெட்டாதை எண்டு.”

அவர்கள் குடியிருந்த நிலக்கீழ் வீட்டின் ஒரே யன்னலால் பார்த்தால் அப்பிள் மரத்தின் அடி மட்டும் தெரியும். நேற்று வெட்டுகிற ஆள் வந்து, வெட்டுவதற்கு அடையாளமாக அதில் செம்மஞ்சள் பெயின்றால் ஒரு புள்ளடி போட்டுவிட்டுப் போயிருந்தான். இன்று பத்து மணிக்கு லொறி வரும்.

மரம் மேல்வீட்டு மடாம் ஜெர்வேயுடையது. வீடும் அவருடையதுதான். மரத்தை நட்ட கணவர் இறந்து நாலு வருடம். அன்றிலிருந்து மரம் காய்க்கவில்லை. மடாமும் பின்வளவுப் பக்கத் திரையைத் திறக்கவில்லை. போன குளிருக்கு, உறைபனியின் பாரம் தாங்காமல் ஒரு பெரிய கொப்பு முறிந்து கொட்டில் கூரையில் விழுந்தது. மடாம் தொலைபேசியை எடுத்து, வெட்டச் சொல்லிவிட்டார்.

யோகராணிதான் மரத்தைக் கைவிடவில்லை. மார்ச் மாதம், முழங்கால் பனிக்குள் ஏணி வைத்து ஏறி, பட்ட கொப்புகளையும் ஒன்றோடொன்று உரசிய கொப்புகளையும் கைவாளால் அரிந்து இறக்கினாள். “கிழட்டு மரத்தோடை உமக்கென்ன மல்லுக்கட்டு?” என்று கனகசிங்கம் கேட்டார்.

“தோலைக் கீறிப் பாத்தனான். உள்ளுக்கை பச்சை. உயிரோடை நிக்கிறதை ஏன் வெட்டோணும்?”

இந்த மே மாதக் காலையிலும் அதே பிடிவாத முகம்.

“ஊரிலை காய்க்காத பிலாவுக்குச் செய்யிறதுதானே,” என்றாள். “ஒராள் கோடரியோடை வெருட்டோணும். மற்றாள் குறுக்கை நிண்டு ஒரு வருசம் தவணை கேக்கோணும். மரம் பயந்து காய்க்கும்.”

“பத்து மணிக்கு முதல் காய்க்குமே?”

“கெஞ்சுவீங்களோ, மாட்டீங்களோ?”

“சரியப்பா, வாறன்.”

“பிரெஞ்சிலை கெஞ்சோணும்.”

“உமக்கென்ன விசரே?”

“இஞ்சத்தை மரம். அதுக்குத் தமிழ் விளங்குமே? பிரெஞ்சு வகுப்புக்குப் போறீங்கள்தானே.”

“வகுப்பிலை கடையிலை பாண் வாங்கத்தான் படிப்பிச்சவை. மரத்துக்காகக் கெஞ்சப் படிப்பிக்கேல்லை.”

அவள் கோடரியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

இரவில் வேலை, பகலில் நித்திரை. கனகசிங்கம் பின்வளவுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல். கொட்டில் பக்கமாக நடக்கப் போனவரை யோகராணி மறித்தாள்.

“அங்காலை போகாதேங்கோ. இதிலை நில்லுங்கோ.”

நிறுத்திய இடம் மடாமின் யன்னலுக்கு நேர் கீழே. மேலே திரை மூடியிருந்தது.

“வெட்டப் போறன்!” யோகராணி கோடரியை ஓங்கினாள். “நாலு வருசமாச் சும்மா நிக்கிற மரம்! இண்டைக்கு விடமாட்டன்!”

“சில் வூ ப்ளே,” என்று பிரெஞ்சில் ‘தயவுசெய்து’ சொன்னார் கனகசிங்கம்.

“என்ன, ஐயரிட்டை நட்சத்திரம் சொல்லுற மாதிரி? உரத்துச் சொல்லுங்கோ!”

“பக்கத்து வீட்டுக்காரன் பாக்கிறான்.”

“பாக்கட்டும். இந்த அஹுன்ட்சிக் ஊர் முழுக்கப் பாக்கட்டும்.”

அடியில் கிடந்த முறிந்த கொப்பில் அவள் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தினாள். சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வந்தது. கனகசிங்கம் திடுக்கிட்டார். அந்தத் திடுக்கத்தில் குரலும் திறந்துகொண்டது.

“நோ! பா கூப்பே! வெட்டாதை! அன் ஆன்னே, சில் வூ ப்ளே! ஒரு வருசம்! எங்களுக்கே ஒவ்வொரு வருசமாத்தானே விசா தாறாங்கள், மரத்துக்கும் ஒரு வருசம் குடன்!”

“குடுக்கமாட்டன்!”

“அன் ஆன்னே!”

இன்னொரு கொத்து.

மேலே திரை விலகியது. கதவு அடித்துத் திறந்தது. மடாம் ஜெர்வே இரவுச் சட்டையோடு, கணவரின் பெரிய பனிச் சப்பாத்துகளைக் கொளுவிக்கொண்டு, இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். “நோ! நோ!” என்று கத்தியபடி மரத்தில் முதுகை வைத்து, இரு கைகளையும் விரித்து நின்றார். செம்மஞ்சள் புள்ளடி அவருக்குப் பின்னால் மறைந்தது.

யோகராணி உடனே கோடரியைக் கீழே போட்டாள். மடாமின் கையைப் பிடித்து, கொட்டிலின் பின்புறம் கூட்டிப்போனாள். கனகசிங்கமும் பின்னால் போனார்.

ஒழுங்கைப் பக்கம் நீண்டிருந்த ஒரேயொரு கொப்பு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

மடாம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பூவைத் தொட்டார். பிறகு படியேறிப் போனார். திறந்த யன்னலால், தொலைபேசியில் யாருக்கோ “நோ, நோ” என்று சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு பழந்துணியும் மண்ணெண்ணெய்ப் போத்தலுமாக இறங்கி வந்து, புள்ளடியைத் தேய்க்கத் தொடங்கினார்.

கனகசிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“ராணி! ஊர் வழக்கத்தைச் சும்மா எண்டு நினைச்சன். வெருட்டின உடனை பூத்திட்டுதே!”

யோகராணி கோடரியை எடுத்து மண்ணைத் துடைத்தாள்.

“மரத்தை ஆர் வெருட்டினது? அது பூத்து ஒரு கிழமை. எத்தினை தரம் தட்டியும் மனிசிதான் கதவு திறக்கேல்லை.”