கடல் பார்த்த அறை

"கப்பல்ல சாப்பாட்டை மிச்சம் வெச்சா யாராவது முறைப்பாங்களா?"

சுற்றுலா அலுவலகத்தில் இருந்த பெண் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவள். கப்பல் ரொம்ப ஆடுமா, வாந்தி வருமா, டாக்டர் இருப்பாரா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டவர் இவர்தான்.

"யாரும் முறைக்க மாட்டாங்க சார். பிடிக்கலைன்னா தட்டை அப்படியே வெச்சிட்டு எழுந்து போயிடலாம்."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் மாட்டியிருந்த வெள்ளைக் கப்பலின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய போல்ட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் புது போல்ட் கொடுப்பார். அந்தச் சட்டத்தை வீட்டிலும் அமல்படுத்தியவர். பழைய சோப்பு கரைந்து காணாமல் போன பிறகுதான் புதுச் சோப்பு அலமாரியை விட்டு வெளியே வரும். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று மைத்துனர்கள் சொன்னதை வெகுகாலம் பாராட்டு என்றே நினைத்திருந்தார்.

அவருடைய சட்டைக் காலரைப் பார்த்தே எடைபோட்ட அந்தப் பெண், முதலில் மலிவான பஸ் டூர் ஒன்றின் விளம்பரத்தை எடுத்து வைத்தாள். அவர் அதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்.

"அதுல எல்லாம் நான் டாக்டர் பட்டமே வாங்கியிருக்கேன்மா."

பிறகு தன் வீரப்பிரதாபங்களைத் தானே எடுத்துவிட ஆரம்பித்தார். ரூம் வாடகையை மிச்சப்படுத்த ராத்திரி ராத்திரியாகப் பஸ் பிடித்ததில், பகலில் பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் இருவரும் தூங்கி வழிந்துகொண்டே பார்த்தது. அரண்மனைக்கு டிக்கெட் என்றதும், வெளியே இருந்தே நன்றாகத் தெரிகிறது என்று திரும்பிவிட்டது. லிஃப்ட் இல்லாத மொட்டைமாடி ரூமை வாடகை குறைவு என்று எடுத்து, ஏறி முடித்தபோது இயற்கைக் காட்சியை ரசிக்க மூச்சு மிச்சமில்லாமல் போனது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. கூடவே கிடந்து பட்டவளுக்கு அதில் என்ன சிரிப்பு வரும்?

கடைசிப் பயணத்தை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கொட்டுகிற மழையில் ஒரு டாக்சிக்காரரோடு பேரம் பேசிக்கொண்டே இருந்தார். பேசிப் பேசி அலுத்த டாக்சிக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். காய்ச்சலோடு நின்றிருந்த மனைவி, பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதாள். வருகிற மாதம் முப்பதாவது கல்யாண நாள். இந்த ஒரு தடவையாவது அவள் சிரித்த முகத்தோடு வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அதனால் துருவித் துருவிக் கேட்டார். கப்பலில் எங்கேயாவது பேரம் பேச வேண்டியிருக்குமா? தேவையில்லை. காசு கட்டியாச்சு, நீச்சல், பாட்டு, நடனம் எதையும் விடக்கூடாது என்று விடியற்காலையில் எழுப்பி விரட்டுவார்களா? மாட்டார்கள். விளக்கை அணைத்தாயா, குழாயை மூடினாயா என்று யாராவது பின்னாலேயே வருவார்களா?

"அந்த மாதிரி ஆளே கப்பல்ல இருக்க மாட்டாங்க சார்."

"அதுதான்மா வேணும்" என்றார் அவர்.

ஜன்னல் இல்லாத உள்ளறை பாதி விலைக்குக் கிடைக்கும் என்று அந்தப் பெண் சொன்னபோது, 'சரி' என்ற சொல் அவருடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கதோஷம். தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினார். கடல் பார்த்த அறையே வேண்டும், பால்கனியோடு வேண்டும் என்றார். பால்கனியில் இரண்டு நாற்காலி இருக்கும் என்றாள் அந்தப் பெண். ஒன்றை எடுத்துவிட்டால் கால் நீட்டிக்கொள்ள வசதியாக இருக்குமே என்று கேட்டார். இந்த மனிதருக்கு எதிலும் சிக்கனம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"எதுக்குங்க இவ்வளவு செலவு?" என்றாள் மனைவி, முதல்முறையாக வாய் திறந்து.

"நீ சும்மா இரு. இவ்வளவு நாள் மிச்சம் பிடிச்சு என்னத்தக் கண்டோம்?"

கம்ப்யூட்டரில் அறையைப் பிடித்துவிட்டு அந்தப் பெண் கையை நீட்டினாள். "ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் குடுங்க சார்."

அவர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறந்து பார்த்தாள். மனைவியுடையது.

"உங்களோடது?"

"நான் எதுக்கும்மா? நான் ஏறினா அந்தக் கப்பலும் பட்ஜெட் டூர் ஆயிடும்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரை இன்னொரு தடவை பார்த்தாள். ஒருவர் தங்கினாலும் அந்த அறைக்கு இரண்டு பேர் கட்டணம்தான் வாங்குவார்கள் என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஸ்டோர்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, வாங்காத பொருளுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கச் சம்மதித்தார்.

மனைவி அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

"கல்யாண நாளுக்கு என்ன வேணும்னு கேட்டார். நீங்க மட்டும் கூட வராம இருந்தா, எவ்வளவு மட்டமான லாட்ஜா இருந்தாலும் போதும்னுதான்மா நான் சொன்னேன்."