கயிறு பிடிப்பவள்

கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற தூத்துக்குடி ரெமிஜியுஸ், மெக்சிகோவில் ஒரு பாய்மரப் படகை வாங்கி, மனைவி பிலோமியோடு அதிலேயே குடியிருந்தார். அன்று காலை குடிதண்ணீரில் முகம் கழுவிவிட்டாள் என்று அவர் அறைந்ததில் அவள் உதடு கிழிந்துவிட்டது. அது முடிந்த கையோடு, பாய்மரத்தின் உச்சியில் விளக்கு மாற்றுவதற்காகத் தொங்கு பலகையில் உட்கார்ந்தார். உருளையில் கயிற்றைச் சுற்றி அவரை மேலே ஏற்றுவதும் இறக்குவதும் எப்போதும் அவள் வேலைதான்.

“ஏட்டி, சவமே, இறுக்கிப் பிடி!” என்று உச்சியிலிருந்து கத்தினார்.

பிலோமி பிடியைத் தளர்த்தினாள். அவர் ஓர் ஆள் உயரம் சரிந்து, மரத்தில் முகம் மோதித் தொங்கினார். அவருடைய மூக்கு ரத்தம் அவள் காலடியில் வந்து சொட்டியது.

“பிலோமி, கை வழுக்கிட்டாம்மா? மெதுவா எறக்கிரு, தாயி.”

அவள் கயிற்றை வளையத்தில் முடிந்துவிட்டு உள்ளே இறங்கினாள். அடுப்பைப் பற்றவைத்து, தனக்கு மட்டும் காபி போட்டு, உட்கார்ந்து குடித்தாள். மேலே அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கூப்பிடு தூரத்தில் வேறு படகு இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலேறி வந்தாள். முடிச்சில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

அவள் கை முடிச்சில் இருப்பதைக் கண்டதும் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.