ஜெனிட்டாவின் ஈக்கள்

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஜெனிட்டாவின் அம்மா ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார்.

உள்ளே இருந்த மாணவி எழுந்து நின்றாள். கையில் கண்ணாடிக் குப்பி. பஞ்சு அடைப்புக்குக் கீழே முப்பது நாற்பது பழ ஈக்கள்.

குப்பியில் ஒட்டிய தாளில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், ஜெனிட்டா என்று இருந்தது.

ஜெனிட்டா இறந்து ஏழு மாதம். காய்ச்சல். நான்கே நாள்.

ஆராய்ச்சி பாதியில் நின்றது. பட்டினியைத் தாங்கும் ஈக்களை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி, நாற்பத்தொரு தலைமுறை வளர்த்திருந்தாள்.

“ஈய வளத்து, பட்டினியில எத்தன பொழைக்குதுன்னு கடைசி எண்ணிக்கைய நீ முடிச்சிரும்மா,” என்று அப்போது பேராசிரியர் வேலாயுதம் இந்த மாணவியிடம் சொன்னார். “கட்டுரை அவ பேர்லயே வரட்டும். அந்தம்மாவுக்கு நாம வேற என்ன குடுக்க முடியும்?”

அவள் எம்.எஸ்ஸி. முதலாண்டு. ஆண் ஈ எது, பெண் ஈ எது என்று தெரியாமல் வந்தவள். ஜெனிட்டாவின் நோட்டுதான் சொல்லிக்கொடுத்தது. ஓரமெல்லாம் குறிப்புகள்.

‘அவசரப்படாதே. மறுபடி எண்ணு.’

‘ஈக்குப் போடும் மாவு கட்டி தட்டினால் கொட்டிவிடு.’

‘பதினைந்து நாளைக்கு ஒருமுறை புதுக் குப்பிக்கு மாற்று. மறந்தால் போச்சு.’

மறந்தாள்.

பொங்கல் லீவுக்குப் போனவள், அண்ணனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று கூடுதலாக ஒரு வாரம் தங்கிவிட்டாள். திரும்பி வந்தபோது குப்பிகளில் பச்சைப் பூஞ்சை. அதன்மேல் எள்ளைக் கொட்டியதுபோல் ஈக்கள்.

பட்டினி தாங்கும் ஈக்கள்.

பக்கத்து மேசையில் சாதாரண ஈக்கள் இருந்தன. கொஞ்சம் எடுத்துப் புதுக் குப்பியில் விட்டாள். தாள் ஒட்டினாள். நோட்டைப் பார்த்துப் பார்த்து, அதே சாய்வில் அந்தப் பெயரை எழுதினாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை எழுதினாள். பிறகு நோட்டைப் பார்க்காமலே எழுத வந்தது.

பிறகு வேறு எழுத்து வரவில்லை.

செமஸ்டர் விடைத்தாள் சாய்ந்தது. ஹாஸ்டல் கையெழுத்து சாய்ந்தது. அறைத்தோழி ஒருநாள் அவளுடைய நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு, “ஏட்டி, இது யாரு நோட்டு?” என்று கேட்டாள்.

திங்கட்கிழமை கடைசி எண்ணிக்கை. இன்று வெள்ளி.

“இதுதான் எம்பிள்ள வளத்ததா?”

அம்மா குப்பியை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

“ஆத்தாடி, எம்புட்டு சிறுசு! இதுக்கா வீட்டுல வாங்கி வச்ச வாழப்பழம் பூராத்தையும் தூக்கிட்டு வருவா?”

சிரித்தார். சிரித்துக்கொண்டே குப்பியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

“அம்மா, இது அக்காவோடது இல்ல. அதெல்லாம் செத்துப்போச்சு. நான்தான் சாக விட்டுட்டேன். வேற ஈய வச்சு அக்கா பேர எழுதிட்டேன்.”

குப்பி கன்னத்திலேயே இருந்தது.

“சாருக்குத் தெரியுமா?”

“இல்ல. இப்பப் போய்ச் சொல்லப்போறேன்.”

அம்மா குப்பியை மெதுவாக மேசையில் வைத்தார். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“இதுக்குப் போயி அழுவாவளா பிள்ள? அவளும் இப்படித்தான். ரெண்டு வருசத்துக்கு முன்ன மாதா கோயில் திருநாளுக்கு வந்தவள, போவாத போவாதன்னு நாந்தான் புடிச்சு வச்சேன். திரும்பிப் போயிப் பாத்தா எல்லாம் செத்துக் கெடந்துச்சாம். போன்ல ஒரே அழுவ. மறுநா அவளே கூப்புடுதா. பக்கத்து மேசை ஈய எடுத்து வச்சிட்டேம்மா, சரியாயிட்டு, யார்ட்டயும் சொல்லிராதன்னு.”

ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவள் நோட்டைத் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய திருநாள் மாதம். எண்ணிக்கை ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஏழாம் தலைமுறை. எட்டு. ஒன்பது.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில்தான் இருந்தது.

‘மறந்தால் போச்சு.’

நோட்டை மூடினாள். குப்பியிலிருந்த தாளைக் கிழித்தாள். வேறு தாளில் தன் பெயரை எழுதி ஒட்டினாள். குப்பியை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்கு நடந்தாள். அம்மாவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பேராசிரியர் முழுவதையும் கேட்டார். பொங்கல் லீவு, பூஞ்சை, பக்கத்து மேசை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“இத நீ அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

“ஆமா சார்.”

“திங்கக்கெழம எண்ண வேண்டாம். ஒன்னோடது எதுவும் இதுல வேண்டாம்.”

தலையாட்டினாள்.

“ஜெனிட்டா இருந்தப்ப அவளே எண்ணி வச்சிருக்கால்ல, அது போதும். அத வச்சே அவ பேர்ல போட்டுருவோம்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “அது பூராவும் சரிதானேம்மா? நீதான அந்த நோட்டப் படிச்சிக்கிட்டே இருக்க?”

அறை வாசலில் அம்மா நின்றிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு ஏறியிருந்தது.

அவள் குனிந்து குப்பியைப் பார்த்தாள்.

தாளில் அவள் பெயர்தான் இருந்தது.

எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது.