இருபதில் பதினேழு

"இதை எப்படிண்ணா அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றது? எனக்கே வெக்கமா இருக்கு."

ஆமிஹான் தன் கையிலிருந்த தாளை எலிசியோவிடம் நீட்டினாள். மணிலாவில் காது கேளாதவர்கள் படிக்கும் கல்லூரி அது. எலிசியோ அங்கே சைகை மொழிபெயர்ப்பாளர். ஆமிஹான், முனைவர் பட்டத்துக்காக மாணவர்களைச் சோதிக்க வந்தவள்.

கேள்வி ஒன்றுதான். பேட்டோ ரொட்டியை டப்பாவில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் பேட்டோ ரொட்டியை எங்கே தேடுவான்?

அடுத்தவர் மனதை ஊகிக்கத் தெரிந்தால், 'டப்பாவில்' என்று ஐந்து வயதுக் குழந்தையே சொல்லிவிடும். இங்கே இருபது பேரில் பதினேழு பேர் 'அலமாரியில்' என்று சொல்லியிருந்தார்கள்.

"உன் ப்ரொபசர் என்ன சொல்றாரு?"

"துள்ளிக் குதிக்கிறாரு. காது கேக்கறவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும் வித்தியாசம் வரலேன்னா மூணு வருஷ உழைப்பு குப்பைக்குத்தான்னு மிரட்டினவரு, இப்போ பட்டம் உறுதின்னுட்டாரு."

"அப்புறம் என்ன? சந்தோஷப்படேன்."

"எப்படிண்ணா? எனக்குப் பட்டம். அவங்களுக்கு, மத்தவங்க மனசு புரியாத ஜென்மங்கன்னு பேரு. நேத்துகூட என்னை விடாப்பிடியா உக்கார வச்சு நூடுல்ஸ் போட்டாங்க. அந்தப் பிள்ளைங்களைப் போய்..."

ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். முடிவை முதலில் மாணவர்களிடம் தெரிவிப்பது விதி.

வகுப்பில் இருபது ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். பக்கத்தில் எலிசியோவின் கைகள் அசைந்தன.

"பதினேழு பேர் சொன்னது தப்பு. உங்க மேல குத்தமில்ல. சின்ன வயசுல வீட்டுல யாரும் உங்ககூடக் கையால பேசல. அதனால இருக்கலாம்... மன்னிச்சிருங்க."

தலை நிமிர்ந்தாள். மாணவர்கள் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கைதட்டல் அதுதான்.

ஆமிஹானுக்கு உடம்பே கூசியது. பாவம், இதுகூடப் புரியவில்லையே!

"அண்ணா, சரியாத்தானே சொன்னீங்க? எதுக்குக் கொண்டாடறாங்க?"

முன்வரிசையில் இருந்த ரெமி என்ற பெண் எழுந்து கைகளை அசைத்தாள். எலிசியோ அதற்குக் குரல் கொடுத்தார்.

"அப்போ உங்களுக்குப் பட்டம் கெடச்சிரும்தானே மேடம்?"

"கெடச்சிரும்... அது உனக்கெப்படித் தெரியும்?"

ரெமி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். எலிசியோவின் குரல் இந்த முறை மெல்லத்தான் வந்தது.

"நாங்க வெளியே வரிசையில நின்னு, கண்ணாடிக் கதவு வழியா உங்க முகத்தைத்தான் பாத்துட்டிருந்தோம் மேடம். முதல் மூணு பேர் சரியாச் சொன்னப்போ, ஒவ்வொரு தடவையும் உங்க முகம் தொங்கிப் போச்சு. பாவமா இருந்துச்சு. அதான் மீதிப் பதினேழு பேரும் கையாலயே பேசி வச்சுக்கிட்டு, தப்பாச் சொன்னோம்."