பாதத்தடிப் பொன்

பிரான்சின் ரூவான் நகரத்து ஓவியப் பட்டறைக்கு மடத்தின் பூசைப் புத்தகம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாதத்தருகே ஒட்டிய பொன்னை மறுபடியும் காணோம்.

அந்தப் படத்தை வரைந்தவர் எந்தப் புத்தகத்திலும் தன் பெயரை எழுதியதில்லை. தொழில் வழக்கம் அது. குறை வந்தால் மட்டும் ஆள் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள திருடனைப் பிடிச்சுக் குடு,” என்றார் மடத்துத் தலைவர் ரெனோ. “இல்லேன்னா பொன்னைச் சுரண்டினது நீதான். உன் வலது கையை எடுக்கச் சொல்லிடுவேன்.”

அவர் போனதும் ஓவியரின் மனைவி பெரெத் பொரிந்தாள். “மடத்துப் புத்தக அலமாரிச் சாவி அந்தத் துறவி ஓடோ சகோதரர்கிட்டதானே இருக்கு? அந்த ஆளு நகத்தைப் பாத்தீங்களா? பருந்து தோத்துடும்!”

“நகம் பட்டா கீறல் இருக்கணுமே! ஒண்ணுகூட இல்லையே,” என்றார் ஓவியர்.

பொன் ஒட்டுவது லேசான வேலையில்லை. வெண்சுண்ணத்தைப் பசையில் குழைத்துப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு அதன்மேல் வாயால் ஊதினால், மூச்சின் ஈரத்துக்கே பசை இளகும். உடனே பொன் தாளை வைத்து, மெருகேற்றவென்றே வைத்திருக்கும் நாய்ப் பல்லால் தேய்த்தால் மின்னும்.

ஓவியர் நாலாம் முறையாகப் பொன் ஒட்டினார். ஞாயிறு காலை ஒரு வேலை செய்தார். பாதக் காயத்து ரத்தத்தின்மேல், பசைக்குப் பதிலாகத் தேனில் குழைத்த சிவப்பைத் தடவினார். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தேன் லேசில் காயாது, தொட்டவனோடு போய்விடும்.

ஓடோ வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். அன்றைய பூசை வழக்கத்தைவிடச் சற்று நீண்டது.

பூசை முடிந்ததும் ஓவியர் விஷயத்தைச் சொல்ல, ரெனோ துறவிகளை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்.

“கையை நீட்டுங்க எல்லாரும்! திருடன் விரல் சிவந்திருக்கும்!”

ஓடோவின் கை வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்றவர்கள் கையும் அப்படியே. ஆனால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு பேருக்கு இருமல் வந்தது.

“இப்ப நீ காட்டு!” என்றார் ரெனோ.

ஓவியர் நீட்டினார். விரலெல்லாம் சிவப்பு.

“ஆகா! மாட்டிக்கிட்டியா!”

“இவர் கை தினமும் சிவப்புதான் சாமி,” என்றாள் கூட வந்திருந்த பெரெத். “நீங்க முதல்ல வாயைத் துடைச்சுக்குங்க. மூக்கு நுனியையும்.”

ரெனோவின் உதடுகள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

பூசை நடுவே அதை நடத்தும் ரெனோ அந்தப் பாதத்தை முத்தமிட்டு, உதட்டு ஈரத்தோடு பொன்னையும் கொண்டுபோவது வழக்கம் என்பதால், ஓவியர் அன்று மாலையே பக்கத்தின் அடியில் பொன் இல்லாத சின்னச் சிலுவை ஒன்றை வரைந்து, இனி முத்தமெல்லாம் அதற்குத்தான் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.