காய்ச்சல் வராத ஆட்கள்

ஒரு கம்ப்யூட்டருக்குள் கணிப்பான் என்றொரு புரோகிராம் இருந்தது. ஒரு மென்பொருளை எழுதி முடிக்க எத்தனை பேர், எத்தனை மாதம், எவ்வளவு செலவு என்று சொல்வது அதன் வேலை. மேலாளர் விவரங்களைக் கொடுத்தார். கணிப்பான் பத்து மாதம் என்றது.

மவுஸ் பதறியது. "அண்ணே, அவர் வாடிக்கையாளர்கிட்ட ஆறு மாசம்னு வாக்குக் கொடுத்துட்டு வந்துட்டார். ஆறுன்னு சொல்லாட்டி உங்களைக் கம்ப்யூட்டர்லேருந்தே தூக்கிருவார்."

"முகூர்த்தம் குறிச்சுட்டுப் பொண்ணு தேடுறாரா?"

"உங்களுக்கு நக்கல் வேற!"

மேலாளர் விவரங்களை மாற்றினார். அதில் புதிய ஆட்களெல்லாம் அனுபவசாலிகள் ஆனார்கள். யாருக்கும் லீவு இல்லை, காய்ச்சலும் இல்லை. இப்போது ஆறுதான் வந்தது.

"நம்பரை மட்டும் குடுத்துட்டுப் பேசாம இருங்கண்ணே," என்றது மவுஸ்.

கணிப்பான் கேட்கவில்லை. "தூக்கினா தூக்கட்டும். எதை வெச்சுச் சொன்னேனோ அதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்," என்று ஆறுக்குக் கீழே எல்லாவற்றையும் அச்சிட்டது. ஆறைப் பார்த்த சந்தோஷத்தில் மேலாளர் கீழே படிக்காமலே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் வாடிக்கையாளர் போன் செய்தார். "காய்ச்சலே வராத ஆளுங்களா சார்? எங்க ஆபீசுக்கும் நாலு பேரை அனுப்புங்களேன்!"

மேலாளரின் கை மவுஸை எட்டிப் பிடித்தது. "தூக்கப்போறார்ண்ணே!" என்றது மவுஸ். அவரோ கணிப்பானைத் திறந்து, உள்ள விவரத்தை உள்ளபடி அடிக்கத் தொடங்கினார்.